ஐந்து தலைமுறைப் பட்டியலில் நினைவகம் எங்கே?

வாசகர் கேள்வி, 2 ஜூன் 2023

பள்ளியிலிருந்து ஒரே பாடம்தான். முதல் தலைமுறை வால்வு, இரண்டாவது டிரான்சிஸ்டர், மூன்றாவது ஐசி, நான்காவது மைக்ரோபிராசசர், ஐந்தாவது செயற்கை நுண்ணறிவு. முதல் கணினி எனியாக், 1946. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? ஆளாளுக்கு எங்களுடையதுதான் முதல் என்று ஏன் சண்டை போடுகிறார்கள்?

2 ஜூன், இரவு

நிறையவே இருக்கிறது. அந்தப் பட்டியலில் பொய் இல்லை, ஆனால் பாதிக் கதைதான் இருக்கிறது. வால்வு என்ற கண்ணாடிக் குழாய், அதன் வேலையைச் செய்யும் சிறு டிரான்சிஸ்டர், பல டிரான்சிஸ்டர்களை ஒரே சில்லில் வைத்த ஐசி எல்லாம் கணக்குப் போடும் பகுதி எதனால் ஆனது என்று சொல்கின்றன. போட்ட கணக்கை எங்கே வைத்தார்கள்? அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற கட்டளைகள் எங்கே இருந்தன? இதற்கு அந்தப் பட்டியலில் ஒரு சொல்கூடக் கிடையாது. நான் படித்த வரையில், கணினியின் ஒவ்வொரு பெரிய திருப்பத்திலும் முட்டி நின்றது நினைவகம்தான். வேகமாகக் கணக்குப் போட வழி முதலில் கிடைத்துவிடும். விடையை வைக்கத்தான் இடம் கிடைக்காது.

எனியாக்கையே பாருங்கள். ஏறக்குறைய 18,000 வால்வு, 30 டன் எடை, வினாடிக்கு 5,000 கூட்டல். 1946-இல் அது யாரும் பார்த்திராத வேகம். அவ்வளவு பெரிய இயந்திரத்தில் எண்களை வைத்துக் கூட்டும் ‘திரட்டி’ என்ற பகுதிகளில் ஒரே நேரத்தில் நின்றவை 20 எண்கள், ஒவ்வொன்றும் 10 இலக்கம். அவ்வளவுதான். நிரலை உள்ளே வைக்க இடமே இல்லை. அதனால் நிரல் என்றால் வயரும் சுவிட்சும்தான். வேறு கணக்குப் போட வேண்டுமென்றால் வயர்களைப் பிடுங்கி வேறு இடங்களில் செருக வேண்டும். அதற்கு நாள் கணக்கில் ஆகும்.

அந்த வேலையைச் செய்தவர்கள் ஆறு பெண்கள்: கே மெக்நல்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான் பிலாஸ், ரூத் லிக்டர்மன். இயந்திரத்தின் வரைபடங்களைப் பார்த்துத் தாங்களே கற்றுக்கொண்டு நிரல் அமைத்தார்கள். பாடப் புத்தகங்களில் 18,000 வால்வு வரும், இவர்கள் பெயர் வராது. அதையும் இங்கேயே பதிந்து வைக்கிறேன்.

3 ஜூன், காலை

யார் முதல் என்ற சண்டைக்கு வருவோம். ‘கணினி’ என்பதற்கு முன்னால் என்ன அடைமொழி போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து ஆள் மாறும்.

நிரலால் இயங்கும் இயந்திரம் என்றால் கான்ராட் சூசேயின் இசட்3. 1941 மே 12 அன்று பெர்லினில் அதை இயக்கிக் காட்டினார். ரிலேக்களால், அதாவது மின்சாரத்தால் திறந்து மூடும் சுவிட்சுகளால் ஆனது. அதன் நினைவகத்தில் 64 எண்கள், ஒவ்வொன்றும் 22 பிட் (பிட் என்றால் 0 அல்லது 1 என்ற ஒற்றை இலக்கம்). பிட்டுக்கு ஒரு ரிலே என்று பார்த்தாலே 1,408 ரிலே வந்துவிடும். கணக்குப் போடும் பகுதிக்குத் தேவைப்பட்டதைவிட நினைவகத்துக்குத்தான் அதிக ரிலே போனது. நிரலை உள்ளே வைக்கும் பேச்சே இல்லை. பழைய சினிமா ஃபிலிமில் துளை போட்டு அதிலிருந்து ஒவ்வொரு கட்டளையாகப் படிக்க வைத்தார். அடுத்து செய்த இசட்4-இல் கணக்குக்கு ரிலே, நினைவகத்துக்கு மட்டும் உலோகத் தகடுகள் நகரும் பழைய இயந்திர முறை. நினைவகம் எவ்வளவு இடத்தைத் தின்றது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

மின்னணு முறையில் கணக்கு என்றால் அமெரிக்காவின் ஐயோவாவில் அட்டனசாஃப், பெர்ரி இருவரும் 1939 முதல் 1942 வரை செய்த இயந்திரம். எனியாக்கின் காப்புரிமை செல்லாது என்று 1973 அக்டோபர் 19 அன்று அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்ததற்கு இந்த இயந்திரம் முக்கியக் காரணம். ஆனால் அது ஒரே வகைக் கணக்குக்கானது. நேரியல் சமன்பாடுகளைத் தீர்க்கும், அதோடு சரி. அதன் நினைவகத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், அவ்வளவு அருமையானது.

கொலோசஸ் அடுத்தது. 1943 கடைசியில் டாமி ஃபிளவர்ஸ் கட்டினார். ஜெர்மானியர்களின் லொரென்ஸ் ரகசியச் செய்திகளை உடைக்க 1944 தொடக்கத்தில், பிரிட்டனின் போர்க்கால ரகசியக் குறியீடு உடைக்கும் மையமான பிளெட்ச்லி பார்க்கில் வேலைக்கு வந்தது. அதற்கு முந்தைய இயந்திரத்தில் இரண்டு காகித நாடாக்கள் ஒன்றோடொன்று பிசகாமல் ஓட வேண்டும். கொஞ்சம் நழுவினாலும் போச்சு. ஃபிளவர்ஸ் ஒரு நாடாவைத் தூக்கிவிட்டு அதிலிருந்த தகவலை மின்னணு முறையில் இயந்திரத்துக்கு உள்ளேயே உருவாக்கினார். மற்ற நாடாவை இனி எவ்வளவு வேகத்தில் வேண்டுமானாலும் ஓட்டலாம்: வினாடிக்கு 5,000 எழுத்து. போர் முடிந்ததும் அந்த இயந்திரங்களில் பெரும்பாலானவற்றைப் பிரித்துப் போட்டார்கள். 1970-கள் வரை வெளியே மூச்சுவிடவில்லை. ஃபிளவர்ஸுக்கு நேர்ந்ததை நினைத்தால் இன்றும் வருத்தமாகத்தான் இருக்கிறது. உலகின் மிகச் சிறந்த மின்னணு இயந்திரம் ஒன்றைக் கட்டியவர், அதைப் பற்றி வாயே திறக்க முடியாமல் அத்தனை ஆண்டுகள் இருந்தார்.

3 ஜூன், மதியம்

‘சுற்றி வளைக்காமல் உங்கள் பதிலைச் சொல்லுங்கள்’ என்று கேட்டிருக்கிறார்கள். சரி. என் பதில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் கட்டிய ‘பேபி’ என்ற கணினி. 1948 ஜூன் 21.

3 ஜூன், இரவு

ஏன் என்று சொல்லவில்லையே.

பேபி மிகச் சிறியது. 32 சொற்கள், சொல்லுக்கு 32 பிட், ஆக 1,024 பிட். பைட்டுக்கு 8 பிட், அதாவது 128 பைட். எனியாக்கோடு வைத்தால் வேகமும் குறைவு. பெருக்கல், வகுத்தல் கிடையாது. கூட்டலைக்கூடக் கழித்தலை வைத்துத்தான் செய்தது. ஆனால் எண்களும் அவற்றை என்ன செய்ய வேண்டும் என்ற கட்டளைகளும் ஒரே நினைவகத்தில், ஒரே வடிவத்தில், பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. நிரலை மாற்ற வயரைத் தொட வேண்டாம். நினைவகத்தில் வேறு எதையாவது எழுதினால் போதும், அது வேறு இயந்திரம். இன்று உங்கள் கையில் இருக்கும் போனில் ஒரு செயலியை நிறுவும்போது நடப்பதும் இதுதான்.

டாம் கில்பர்ன் எழுதிய முதல் நிரல் 17 கட்டளை. 2-இன் 18-ஆம் அடுக்கை, அந்த எண்ணைத் தவிர, மீதியில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண்ணைத் தேடியது. 52 நிமிடம் ஓடி, ஏறத்தாழ 35 லட்சம் செயல்களுக்குப் பிறகு சரியான விடையைக் காட்டியது. விடை காகிதத்திலேயே ஒரு நொடியில் போடக்கூடியதுதான். அவர்களுக்கு வேண்டியிருந்தது விடை அல்ல. நினைவகம் 52 நிமிடம் ஒரு பிட்டைக்கூடத் தவறவிடாமல் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. பேபியைக் கட்டியதே ஃபிரெடி வில்லியம்ஸ் செய்த நினைவகக் குழாயைச் சோதிக்கத்தான்! முதல் நவீன கணினி ஒரு நினைவகத்தைச் சோதிக்கும் கருவியாகப் பிறந்தது. நான் இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருப்பதற்கு வேறு ஆதாரம் வேண்டுமா?

5 ஜூன்

ஒருவர் நல்ல மறுப்பு வைத்திருக்கிறார்: எனியாக்கே 1948 ஏப்ரலில் சேமித்த நிரலை ஓட்டியது, பேபிக்கு இரண்டு மாதம் முன்பே என்று. உண்மைதான். எனியாக்கில் மாறிலிகளை வைப்பதற்காக ‘சார்பு அட்டவணை’ என்ற சுவிட்ச் பலகைகள் இருந்தன. அந்தச் சுவிட்சுகளில் கட்டளைகளை எண்களாக வைத்து, வயர்களை ஒரே அமைப்பில் நிரந்தரமாக விட்டுவிட்டார்கள். கிளாரா வான் நாய்மன் எழுதிய அணு இயற்பியல் கணக்குகள் அப்படித்தான் ஓடின. பல பகுதிகள் ஒரே நேரத்தில் வேலை செய்யும் வசதி அதனால் போனது, இயந்திரம் மெதுவானது. ஆனாலும் யாரும் பழைய முறைக்குத் திரும்பவில்லை. வேகத்தை விட்டுக்கொடுத்து நிரலுக்கு இடம் வாங்கினார்கள், அதுவும் மனம் ஒப்பி.

பேபியை நான் முன்னால் வைப்பதற்குக் காரணம் ஒன்றுதான். எனியாக்கின் கட்டளைகளை மனிதக் கைதான் சுவிட்சைத் திருப்பி மாற்ற முடியும். பேபி தன் கட்டளையைத் தானே மாற்ற முடியும். ஒரு நிரல் இன்னொரு நிரலை எழுதுவது, நாம் எழுதுவதை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் மொழிமாற்றி, இயங்குதளம் எல்லாம் அந்த வாசலில்தான் நுழைந்தன. ‘எனியாக்தான் முதல்’ என்று ஒருவர் இந்தக் காரணத்தையெல்லாம் தெரிந்துகொண்டு சொன்னால் எனக்குச் சண்டை இல்லை. தேதியை மட்டும் மனப்பாடம் செய்து சொன்னால்தான் சங்கடம்.

6 ஜூன்

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலக் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜை ஏன் விட்டுவிட்டேன் என்று கேள்வி. விடவில்லை, வரிசை வரவில்லை அவ்வளவுதான்.

1837-இலேயே பகுப்பு இயந்திரத்துக்கு அவர் போட்ட திட்டத்தில் இரண்டு பகுதி தனித்தனியாக இருந்தது. ஒன்று ஆலை, கணக்கு நடக்கும் இடம். மற்றொன்று கிடங்கு, எண்கள் இருக்கும் இடம். கிடங்கில் ஆயிரம் எண்கள் வைக்கத் திட்டம். நூறு ஆண்டு கழித்து வந்த எனியாக்கில் 20! பற்சக்கரங்களால் அதைக் கட்டி முடிக்க முடியவில்லை என்பது வேறு விஷயம். கட்டளைகள் மட்டும், துணியில் வடிவம் நெய்யும் ஜக்கார்டு தறியில் இருப்பது போன்ற துளை அட்டைகளில், வெளியே. ஏடா லவ்லேஸ் அந்த இயந்திரத்தைப் பற்றி 1843-இல் எழுதிய குறிப்புகளில் பெர்னூலி எண்களைக் கணக்கிடும் படிகளைப் பார்த்தால், எந்த எண் கிடங்கில் எந்த இடத்தில் இருக்கிறது, எப்போது மாறுகிறது என்று அட்டவணை போட்டிருக்கிறார். இன்று ஒரு நிரலில் பிழை தேடும்போது நாம் போடும் அதே அட்டவணை. அவருக்கு முன்னால் இயந்திரமே இல்லை. அந்தப் பக்கத்தை முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிலிர்த்தது.

6 ஜூன், சற்று நேரம் கழித்து

அட்டனசாஃப் நினைவகம் பற்றி எழுதுவதாகச் சொன்னேன். சுழலும் உருளையில், மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் மின்தேக்கிகளைப் பதித்திருந்தார். மின்னூட்டம் எந்த வகை என்பதை வைத்து 1 அல்லது 0. சிக்கல் என்னவென்றால் மின்னூட்டம் கசிந்துவிடும். அதனால் உருளை சுற்றிவரும்போதெல்லாம் படித்து, படித்ததைப் புதிதாக மறுபடி எழுத வேண்டும்.

அப்புறம் வந்த பாதரசக் குழாய்க்கும் இதே விதி. போர்க்கால ரேடாரிலிருந்து வந்தது அது. குழாயின் ஒரு முனையில் ஒலித் துடிப்பாக உள்ளே போகும் பிட், பாதரசத்தைக் கடந்து மறுமுனைக்கு வரும். அங்கே மின்துடிப்பாக மாற்றி, பெருக்கி, மறுபடி முதல் முனைக்கு அனுப்புவார்கள். தொலைபேசி எண்ணை எழுத காகிதம் கிடைக்காதவர் வாய்க்குள் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்வது போல. கேம்பிரிட்ஜில் மாரிஸ் வில்க்ஸ் கட்டிய எட்சாக், 1949 மே 6 அன்று இப்படித்தான் ஓடத் தொடங்கியது. ஒன்றரை மீட்டர் குழாய், ஒலி அதைக் கடக்க ஏறக்குறைய ஒரு மில்லி வினாடி. வெப்பநிலை மாறினால் ஒலியின் வேகம் மாறும், பிட்டுகள் நேரம் தவறும். பாதரசத்துக்குப் பதில் ஜின் பயன்படுத்தலாம், அதில் சாராயமும் தண்ணீரும் கலந்திருக்கும் அளவுக்கு அறை வெப்பநிலையில் ஒலியின் வேகம் மாறாது என்று கணினிக் கோட்பாட்டின் முன்னோடி ஆலன் டூரிங் யோசனை சொன்னதாக வில்க்ஸ் பிற்பாடு ஓர் உரையில் நினைவுகூர்ந்தார்.

வில்லியம்ஸ் குழாய்க்கும் இதே விதிதான். தொலைக்காட்சித் திரையைப் போன்ற குழாயில் மின்னூட்டப் புள்ளிகள். ஒரு நொடிக்குள்ளேயே மங்கிவிடும். மங்குவதற்குள் படித்துத் திரும்ப எழுத வேண்டும்.

இப்போது உங்கள் கணினியில் இருக்கும் ரேமுக்கு வாருங்கள். ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி, அதுதான் ஒரு பிட். ஐபிஎம்மில் ராபர்ட் டென்னார்டுக்கு 1966-இல் தோன்றிய யோசனை, 1968-இல் காப்புரிமை. அந்த மின்தேக்கியும் கசியும். வழக்கமான ரேம் சில்லுகளில் ஒவ்வொரு பிட்டையும் 64 மில்லி வினாடிக்குள் ஒருமுறை புதுப்பிக்கிறார்கள். அட்டனசாஃப் உருளையில் செய்ததையே சிலிக்கானில் செய்கிறோம். இதை முதன்முதலாகப் புரிந்துகொண்டபோது கணினி வரலாறு எனக்கு நேர்கோடாகத் தெரிவது நின்றுபோனது.

9 ஜூன்

காந்த வளையத்தைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை.

பாதரசம், திரைக்குழாய் இரண்டும் நம்ப முடியாதவை. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஜே ஃபாரஸ்டர் வேர்ல்விண்ட் என்ற இயந்திரத்தைக் கட்டினார். அது நிகழ்நேரத்தில், அதாவது நடப்பது நடக்கும்போதே, விடை சொல்ல வேண்டியது. நினைவகம் நடுவில் சறுக்கினால் எல்லாம் வீண். திரைக்குழாய்களோடு மல்லாடிப் பார்த்துவிட்டு, ஃபெரைட் என்ற காந்தமாகும் பொருளால் ஆன சின்னஞ்சிறு வளையங்களுக்கு வந்தார். குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கம்பிகள், ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு வளையம். வளையம் எந்தத் திசையில் காந்தமாகியிருக்கிறது என்பதே பிட். 1953-இல் அதை வேர்ல்விண்டில் பொருத்தியதும் இயந்திரத்தின் வேகம் ஏறக்குறைய இரு மடங்கானது. அந்த வேகம் வந்தது நினைவகத்தால், கவனியுங்கள்.

இதிலும் ஒரு விநோதம்: படித்தால் அழிந்துவிடும். அதனால் படித்த கையோடு திருப்பி எழுதும் சுற்று ஒன்று கூடவே இருக்கும். ஆனால் மின்சாரம் போனாலும் தகவல் போகாது. இன்றைய ரேமுக்கு அந்தக் குணம் இல்லை.

இந்த வளையங்களுக்குள் கம்பி கோத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள், நுண்ணோக்கி வழியாகப் பார்த்துக்கொண்டு. அப்போலோ விண்கலத்தின் கணினியில் இது இன்னும் ஒரு படி மேலே போனது. கம்பி வளையத்துக்குள் போனால் 1, வெளியே போனால் 0. நிலவுக்குப் போகும் நிரல் அப்படிக் கம்பியாகவே பின்னப்பட்டது, 36,864 சொற்கள். அழித்து எழுதக்கூடிய நினைவகம் 2,048 சொற்கள் மட்டும். பின்னி முடித்த பிறகு நிரலில் ஒரு எழுத்தை மாற்ற வேண்டுமென்றாலும் புதிதாகப் பின்ன வேண்டும்.

9 ஜூன், இரவு

உருளையும் வட்டும்: ஐபிஎம் 650-இல் முக்கிய நினைவகமே நிமிடத்துக்கு 12,500 முறை சுழலும் காந்த உருளை, 2,000 சொற்கள். ஒவ்வொரு கட்டளையிலும் அடுத்த கட்டளை இருக்கும் முகவரியும் இருக்கும். ஒரு கட்டளை முடிகிற நேரத்தில் உருளை எவ்வளவு சுற்றியிருக்கும் என்று கணக்கிட்டு, சரியாக அந்த இடத்தில் அடுத்ததை வைப்பார்கள். இல்லையென்றால் முழுச் சுற்று காத்திருக்க வேண்டும். 1956-இல் ஐபிஎம்மின் ராமாக் கணினியோடு வந்த வட்டு நினைவகம்: 24 அங்குல விட்டத்தில் 50 தட்டுகள், 50 லட்சம் எழுத்துகள், ஒரு டன்னுக்கு மேல் எடை. இன்று ஒரு புகைப்படத்துக்கே அந்த இடம் போதாமல் போகலாம்.

11 ஜூன்

‘இதெல்லாம் அருங்காட்சியகக் கதை, நமக்கு என்ன’ என்று கேட்டவருக்கு.

நான் நிரல் எழுதக் கற்றது 64 கிலோபைட் நினைவகம் உள்ள எட்டு பிட் கணினியில். பேசிக் மொழியில் விளக்கக் குறிப்பு எழுத ரெம் என்று ஒரு வரி போடுவோம். அந்த வரியும் நினைவகத்தில் உட்கார்ந்துகொள்ளும். நிரல் கொஞ்சம் பெரிதானால் இடம் போதாது என்று செய்தி வரும். உடனே ரெம் வரிகளை ஒவ்வொன்றாக நீக்க வேண்டும். அப்புறம் மாறிகளின் பெயரை ஓரெழுத்தாகச் சுருக்க வேண்டும். கடைசியில் நிரல் ஓடும், ஆனால் ஒரு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால் எழுதின எனக்கே புரியாது. அந்தக் காலத்து நிரல்கள் ஏன் புதிர் போல இருக்கின்றன என்று இளையவர்கள் கேட்கும்போதெல்லாம் இதைத்தான் சொல்வேன்: படிக்கும் மனிதருக்காக எழுதிய சொற்கள், இயந்திரத்தில் இடம் இல்லாமல் வெளியேற்றப்பட்டவை.

ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதியதும் அந்த வழக்கம்தான். 80 பத்தி (நெடுவரிசை) கொண்ட துளை அட்டையில் ஒவ்வொரு தேதிக்கும் இரண்டு பத்தி மிச்சம் பிடிப்பது பெரிய விஷயம். அந்த மிச்சம் 2000-ஆம் ஆண்டு நெருங்கும்போது உலகம் முழுக்க நிரல்களைத் தோண்டித் திருத்தும் வேலையாகத் திரும்பி வந்தது. அடுத்தது 2038 ஜனவரி 19: நேரத்தை 32 பிட்டில் எண்ணும் பழைய அமைப்புகளில் அன்று எண் நிரம்பிவிடும்.

11 ஜூன், சிறு சேர்க்கை

640 கிலோபைட் எல்லோருக்கும் போதும் என்று பில் கேட்ஸ் சொன்னதாக ஒருவர் போட்டிருக்கிறார். அவர் அதை மறுத்திருக்கிறார், அவர் சொன்னதற்கு ஆதாரமும் கிடையாது. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் செயலிக்கு 20 பிட் முகவரி, ஆகவே மொத்தம் ஒரு மெகாபைட்தான் எட்டும். மேலே 384 கிலோபைட்டைத் திரைக்கும் மற்ற சாதனங்களுக்கும் ஒதுக்கினார்கள், மீதி 640. அடிப்படை மாதிரியில் விற்கும்போது இருந்தது 16 கிலோபைட். அந்த நிலையில் 640 தாராளமாகத்தான் தெரிந்திருக்கும்.

12 ஜூன்

நானே எழுதியதை மேலிருந்து படித்துப் பார்த்தேன். நினைவகம்தான் எல்லாம் என்பது போல ஒலிக்கிறது. டிரான்சிஸ்டருக்கு அது நியாயம் செய்யவில்லை. 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் பார்டீனும் பிராட்டனும் அதைச் செய்து காட்டாவிட்டால், 1958-59-இல் கில்பியும் நாய்ஸும் ஒரே துண்டில் முழுச் சுற்றையும் வைக்காவிட்டால், டென்னார்டின் மின்தேக்கிக்கும் வேலை இல்லை.

ஆனால் அந்தச் சில்லுகளைப் பெரிய அளவில் வாங்கிக் குவித்தது எது என்று பாருங்கள். இன்டெல் 1968-இல் தொடங்கியபோது அது நினைவக நிறுவனம். காந்த வளையத்தை ஒழிப்பதே குறி. 1970-இல் வந்த 1103 என்ற 1,024 பிட் சில்லு அதைத் தொடங்கிவைத்தது. 1971-இல் 4004 மைக்ரோபிராசசர், 2,300 டிரான்சிஸ்டர், ஒரு ஜப்பானிய கால்குலேட்டர் நிறுவனத்தின் தேவைக்காகப் பிறந்தது. நினைவகச் சில்லுகளில் ஜப்பானியப் போட்டியைத் தாங்க முடியாமல் 1985-இல் டிராம் (டென்னார்டு யோசித்த வகை ரேம்) தொழிலையே விட்ட பிறகுதான் இன்டெல் முழுக்க முழுக்கச் செயலி நிறுவனம் ஆனது. நான்காம் தலைமுறை என்று பாடத்தில் தனியாக நிற்கும் மைக்ரோபிராசசர், நினைவகத் தொழிற்சாலையின் மடியில் வளர்ந்த பிள்ளை.

1,024 பிட் என்ற எண்ணைக் கவனித்தீர்களா? ஒரு 1103 சில்லு, ஒரு பேபியின் முழு நினைவகம். 22 ஆண்டு இடைவெளி.

15 ஜூன்

செயலி பல மடங்கு வேகமாகிவிட்டது, ரேம் அந்த அளவுக்கு வேகமாகவில்லை. இந்த இடைவெளிக்கு ‘நினைவகச் சுவர்’ என்று 1995-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் பெயர் வைத்தார்கள். இன்றைய செயலி ரேமிலிருந்து ஒரு எண்ணைக் கேட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் அதன் கடிகாரத் துடிப்புகள் நூற்றுக்கணக்கில் ஓடிவிடும். அதனால்தான் செயலிக்குள்ளேயே கேஷ் என்ற சிறு நினைவகம். வில்க்ஸ் 1965-இலேயே இதை முன்வைத்தார், ஐபிஎம் 360 வரிசையின் 85-ஆம் மாதிரியில் 1968 வாக்கில் வந்தது. அதற்கும் முன்னால் 1962-இல் மான்செஸ்டரின் அட்லஸ், உருளையையும் காந்த வளையத்தையும் ஒரே நினைவகம் போலக் காட்டி, 512 சொற்கள் கொண்ட பக்கங்களைத் தானே மாற்றிக்கொண்டது. அதற்கு முன் அந்த வேலை நிரலாளர் தலையில்.

நீங்களே செய்து பார்க்கலாம். ஒரு பெரிய எண் அட்டவணையை சி மொழியில் எழுதி, எல்லா எண்களையும் கூட்டுங்கள். ஒருமுறை வரிசை வரிசையாக, மறுமுறை பத்தி பத்தியாக. கூட்டல்களின் எண்ணிக்கை ஒன்றே, விடையும் ஒன்றே. நேரம் மட்டும் பல மடங்கு வித்தியாசப்படும். நினைவகத்தில் எண்கள் வரிசையாக அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்றைக் கேட்டால் பக்கத்தில் உள்ளவையும் கேஷுக்கு வந்துவிடும். பத்தியாகப் போனால் ஒவ்வொரு முறையும் தாவ வேண்டும். வேலையில் ஒரு கணக்கு இரவு முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. சூத்திரத்தைத் தொடாமல், ஒன்றுக்குள் ஒன்றாகத் திரும்பத் திரும்ப ஓடும் இரண்டு கட்டளைச் சுற்றுகளின் வரிசையை மட்டும் மாற்றி எழுதினேன். அடுத்த நாள் அது மதிய இடைவேளைக்குள் முடிந்தது. உருளையில் கட்டளையை இடம் பார்த்து வைத்தவர்களும் நானும் ஒரே வேலையைத்தான் செய்கிறோம் என்று அன்று பெருமையாக இருந்தது.

15 ஜூன், இரவு

‘மெதுவான பழைய கணினிக்கு என்ன செய்யலாம்’ என்று நடுவில் ஒரு கேள்வி. ஹார்ட் டிஸ்க் இடைவிடாமல் கரகரவென்று ஓடினால் ரேம் போதவில்லை என்று அர்த்தம், ரேம் கூட்டுங்கள். ரேம் போதுமானதாக இருந்தும் மெதுவென்றால் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, சுழலும் வட்டு இல்லாத எஸ்எஸ்டி போடுங்கள். தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா 1984-இல் அறிமுகப்படுத்திய ஃபிளாஷ் நினைவகத்தின் பிள்ளை அது. செயலியை மாற்றுவது கடைசி யோசனை.

18 ஜூன்

ஐந்தாம் தலைமுறை, செயற்கை நுண்ணறிவு. அதற்கும் உங்கள் நினைவகக் கதை பொருந்துமா என்று முதல் கேள்வி கேட்டவரே கேட்கிறார்.

எல்லாவற்றையும்விட இங்கேதான் அதிகம் பொருந்துகிறது. பெரிய மொழி மாதிரி என்பது கோடிக்கணக்கான எண்கள். ஒவ்வொரு சொல் துணுக்கை உருவாக்கும்போதும் அந்த எண்களை நினைவகத்திலிருந்து கணக்குப் போடும் பகுதிக்குக் கொண்டுவர வேண்டும். பல நேரம் பெருக்கல் சுற்றுகள் சும்மா காத்திருக்கின்றன, எண்கள் வந்து சேரவில்லை என்று. அதனால்தான் டிராம் சில்லுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அவற்றை ஊடுருவித் துளையிட்டு இணைத்து, செயலிக்கு ஒட்டினாற்போல் வைக்கிறார்கள். இந்தக் கணக்குக்கென்றே செய்த ஒரு முடுக்கிச் சில்லு எந்த அளவு மாதிரியை எடுத்து ஓட்ட முடியும் என்பதை அதன் கூட்டல் வேகம் தீர்மானிப்பதைவிட, பக்கத்தில் எத்தனை ஜிகாபைட் இருக்கிறது என்பதே முதலில் தீர்மானிக்கிறது.

பாடத்திட்டம் எழுதுபவர்கள் யாராவது இதைப் படித்தால்: அந்தப் பட்டியலை வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் இன்னொரு பத்தி சேருங்கள். துளை அட்டை, பாதரசம், திரைக்குழாய், உருளை, காந்த வளையம், டிராம், ஃபிளாஷ். இரண்டையும் சேர்த்துப் படிக்கும் பிள்ளைக்கு எது எதனால் வந்தது என்று புரியும்.

21 ஜூன்

பேபியின் முதல் நிரல் ஓடி இன்றோடு 75 ஆண்டு.

128 பைட் எவ்வளவு என்று கைப்படப் பார்க்க ஒரு கணக்கு. எழுத்துகளைக் கணினியில் எண்களாக வைக்கும் யூனிகோடு யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். ‘கணினி’ என்பதில் க, ண, இகரக் குறி, ன, இகரக் குறி, ஆக ஐந்து, 15 பைட். இடைவெளி விட்டு எட்டு முறை எழுதினால் 127. ஒரு பைட் மிச்சம். 8 ஜிகாபைட் ரேம் உள்ள போன், அந்த நினைவகத்தைப் போல் 6 கோடியே 71 லட்சம் மடங்கு.

22 ஜூன்

நேரில் பார்க்க எங்கே போகலாம் என்று கேட்டவருக்கு: பேபியின் மறு உருவாக்கம் மான்செஸ்டர் அறிவியல் தொழில் அருங்காட்சியகத்தில், 1998-இல் கட்டியது. கொலோசஸ் மறு உருவாக்கம் பிளெட்ச்லியில் உள்ள தேசியக் கணினி அருங்காட்சியகத்தில், எட்சாக்கின் மறு உருவாக்கமும் அங்கேயே. இசட்3-இன் பிரதி மியூனிக்கில். பாதரச நினைவகத்தோடு 1949-இல் ஓடத் தொடங்கிய ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐராக் மெல்போர்னில் இருக்கிறது. இது பிரதி அல்ல, அசல். ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் பேபிக்குப் போங்கள். திரையில் பச்சைப் புள்ளிகளாகத் தெரிவது நினைவகத்தின் பிட்டுகள்தான், கண்ணால் எண்ணலாம்.